மீற்றர் குறைந்த பழைய மோட்டார் சைக்கிள்: வாங்கிய பின்னர்தான் கணக்கு ஆரம்பம்

"மீற்றர் ஒன்பதாயிரம்தான்" என்ற வார்த்தைக்கு நமது பகுதியில் தனி விலை உண்டு. ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்கப் போகும் எவரும் இந்த வார்த்தையைக் கேட்காமல் திரும்புவதில்லை. "மகன் கட்டாருக்குப் போனதிலிருந்து வீட்டுக்குள்ளதான் நிண்டது தம்பி, ஓடவே இல்ல" என்று சொல்லும் உரிமையாளர், அதே வயதுடைய, ஐம்பதாயிரம் கிலோமீற்றர் ஓடிய இன்னொரு பைக்கைவிடக் கூடுதலாகப் பணம் கேட்கிறார். வாங்குபவரும் முகம் மலர்ந்து கொடுத்துவிட்டு வருகிறார். இந்த மேலதிகப் பணத்துக்கு ஒரு வியாபாரிக்கு உண்மையில் கிடைப்பது என்ன, வாங்கிய பின்னர் அவர் செய்ய வேண்டியது என்ன என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

இப்படிப்பட்ட பைக்குகள் சந்தைக்கு வந்த கதை யாவரும் அறிந்ததே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 பொருளாதார நெருக்கடியில், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. புதிய பைக் கனவாகிப் போனதும், கொட்டிலிலும் விறாந்தையிலும் சாக்கு மூடிக் கிடந்த பழைய ஹொண்டாக்களும் பஜாஜ்களும் துடைத்து வெளியே எடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனாலும் வரியையும் டொலர் பெறுமதியையும் சேர்த்துப் பார்க்கும்போது புதிய பைக்கின் விலை சிறு வியாபாரிக்கு எட்டும் தூரத்துக்கு இறங்கி வரவில்லை. ஆகவே பழைய பைக்கை வாங்குவது குறையல்ல. அதை என்ன நினைத்து வாங்குகிறோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

வாகரைப் பாதையில் ஒரு பைக்கின் வேலை

ஓட்டமாவடி, வாழைச்சேனையிலிருந்து வாகரைக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். மாங்கேணி, காயங்கேணி, பனிச்சங்கேணி தாண்டி வாகரை. அதற்கப்பால் பால்சேனை, கதிரவெளி, வெருகல். ஏ-15 வீதியில் திருகோணமலைக்குப் போவதென்றால் பாதைகளில் ஏறி இறங்கித் துறைகளைக் கடந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் சுனாமியும், 2007 ஜனவரி வரை நீடித்த யுத்தமும் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டன. பின்னர் வீதி செப்பனிடப்பட்டது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. வீதி நேரானதும் வியாபாரமும் இரண்டு சில்லில் ஏறிக்கொண்டது. விடியற்காலையில் வாகரையில் மீன் எடுத்து ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்துக் கொண்டு வருபவர்கள், புடவை மூட்டையோடு ஊர் ஊராகப் போகிறவர்கள், பாணும் பணிஸும் விற்பவர்கள், கடைகளுக்கு மொத்தமாகச் சாமான் போடுபவர்கள் என்று பலரது தொழில் ஒரு மோட்டார் சைக்கிளின் மேல்தான் நிற்கிறது.

மீன் வியாபாரியை எடுத்துக் கொள்வோம். காயங்கேணிக்கும் மாங்கேணிக்கும் இடையில் காலை ஏழு மணிக்கு பைக் நின்றுவிட்டால் அவருக்குத் திருத்தக் கூலி மட்டும் நட்டமில்லை. பெட்டியில் உள்ள ஐஸ் கரைகிறது, சந்தையின் நேரம் போகிறது, மீனின் விலை பாதியாகிறது. ஒரு நாள் மீன் கெட்டால் அந்த மாதத்து இலாபமே போய்விடலாம்.

அவரது ஓட்டத்தையும் கணக்கிடுவோம். போய்வர ஒரு நாளைக்கு 70 கிலோமீற்றர், மாதத்தில் 25 நாட்கள் என்றால் 1,750 கிலோமீற்றர். வருடத்துக்கு 21,000. ஒன்பதாயிரத்தில் வாங்கிய பைக் அடுத்த வருடம் இதே மாதத்தில் முப்பதாயிரத்தைத் தொட்டிருக்கும். அதாவது "மீற்றர் குறைவு" என்பதற்காகக் கொடுத்த மேலதிகப் பணம் ஒரு வருடத்துக்குள் வீதியில் கரைந்துவிடும். பைக்கின் வயது மட்டும் கரையாது. பதினைந்து வருடப் பைக் பதினாறு வருடப் பைக்காகும். வாரத்தில் ஒரு நாள் ஜும்ஆவுக்கும் ஒரு நாள் சந்தைக்கும் போகும் ஒருவருக்கு மீற்றர் குறைவு என்பது பெரிய இலாபம். தினமும் வாகரை போய்வருபவர் மீற்றருக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்து, அந்தப் பணத்தைப் பைக்கின் பராமரிப்புக்கு ஒதுக்கிக் கொள்வதே புத்தி.

நின்ற பைக்கில் என்ன கெடுகிறது?

ஓடுகின்ற பைக்கில் தேய்வது இரும்பு. நிற்கின்ற பைக்கில் கெடுவது இறப்பரும், பெற்றோலும், ஒயிலும், பற்றரியும். இரண்டாவது வகைக் கேட்டை மீற்றர் காட்டுவதில்லை.

முதலில் பெற்றோல். தாங்கியிலும் கார்புரேட்டரிலும் தேங்கிய பெற்றோல் சில மாதங்களிலேயே பழுதடையத் தொடங்கிவிடும். அதிலுள்ள இலேசான பகுதி ஆவியாகிப் போக, பிசின் போன்ற ஒரு படிவு மிஞ்சும். கார்புரேட்டரில் தலைமுடி நுழையும் அளவே துவாரமுள்ள சிறிய ஜெட் ஒன்று இருக்கிறது. மெதுவான ஓட்டத்துக்கு எரிபொருள் கொடுப்பது அதுதான். பிசின் முதலில் அடைப்பது அந்தத் துவாரத்தையே. பைக் சோக் இழுத்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகும், சோக்கைத் தள்ளினால் நின்றுவிடும், வேகமாகப் போகும்போது ஒரு குறையும் தெரியாது என்றால் அடைத்திருப்பது இதுதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். விற்பவர் "கொஞ்சம் ஓடினாச் சரியாகும்" என்பார். ஆகாது. கார்புரேட்டரைக் கழற்றி, கிளீனர் அடித்து, காற்றுப் பிடித்துத் துப்புரவு செய்ய வேண்டும். சில கராஜ்களில் ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்துகிறார்கள். அதை அனுமதிக்க வேண்டாம். துவாரம் ஒரு நூல் பெருத்தாலும் அதன் பிறகு வாழ்நாள் முழுக்க பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும்.

இது சிறு விடயமல்ல என்பதை 2022 நமக்குக் காட்டியது. ஜூன் மாத இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. ஜூலையில் வந்த கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் பைக்கென்றால் 200 கிலோமீற்றர். வாகரைக்கு மூன்று நாள் போய்வரலாம் என்று கொண்டாலும் கடைசி நாளில் தள்ளிக்கொண்டு வர வேண்டும். கார்புரேட்டர் கெட்டு லீற்றருக்கு 35 ஓடியவர் இரண்டு நாளோடு முடித்துக் கொண்டார்.

தாங்கியின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே துரு இருந்தால் புதிய பெற்றோல் ஊற்ற முன்பே அதைக் கழுவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துப்புரவு செய்த கார்புரேட்டர் ஒரு வாரத்தில் மீண்டும் அடைக்கும். பெற்றோல் குழாயை விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். அது செலவில் மிகச் சிறியது, ஆனால் சூடான என்ஜினுக்கு மேல் பெற்றோல் சிந்தினால் வரும் விளைவு சிறியதல்ல.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெற்றோல் டெப் திறந்தபடி மாதக்கணக்கில் நின்ற பைக்கில், கார்புரேட்டரின் மிதவை ஊசி இறுகாமல் விட்டால் பெற்றோல் மெல்ல மெல்ல என்ஜினுக்குள் இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் அளவு பார்க்கும் குச்சியை மூக்கருகில் பிடித்தாலே வாடை தெரியும். அப்படியான ஒயிலோடு என்ஜினை ஓட்டினால் பெயரிங்கும் பிஸ்டனும் தேய்வதற்கு அதிக நாள் எடுக்காது.

ஒயிலைப் பொறுத்தவரை "ஓடவில்லையே, ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய ஒயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். எனவே வாங்கிய அன்றே மாற்ற வேண்டும். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிய பின்னர் இன்னொரு தடவை மாற்றுவது நல்லது. உள்ளே ஊறிக் கிடந்த கசடு அந்த இரண்டாவது ஒயிலோடுதான் வெளியே வரும். போத்தலில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிளச் ஒயிலுக்குள்ளேயே ஓடும் நமது பைக்குகளுக்குக் காரின் ஒயில் சரிவராது, கிளச் வழுக்கும். வருடக்கணக்கில் ஸ்டார்ட் செய்யப்படாத என்ஜின் என்றால் உடனே கிக் அடிக்காமல், பிளக்கைக் கழற்றி உள்ளே சில துளி ஒயில் விட்டு, சாவி போடாமல் மெதுவாகப் பல தடவை மிதித்து, அதன் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. காய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் உரசிக் கீறு விழாமல் அது காப்பாற்றும்.

பற்றரி பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 12 வோல்ட் பற்றரி நன்றாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்த பின்னும் 12.6 அளவில் நிற்க வேண்டும். 12க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்தது. என்ஜின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டாவிட்டால் புதிய பற்றரி போட்டும் பயனில்லை, சார்ஜ் ஆகும் பகுதியைப் பார்க்க வேண்டும்.

உயிரோடு சம்பந்தப்பட்ட இரண்டு

டயரில் பூ முழுதாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் டீ.ஓ.டீ. என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட காலத்தைச் சொல்லும். 1114 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் பதினோராவது வாரம். ஐந்தாறு வருடம் கடந்த டயரைக் கவனமாகப் பார்த்துப் பாவிக்க வேண்டும். பத்து வருடம் கடந்ததை, பூ எவ்வளவு இருந்தாலும், கழற்றிவிட வேண்டும். ஓடாமல் ஒரே இடத்தில் நின்ற டயர் பக்கங்களில் வெடித்துக் கல்லுப் போல இறுகியிருக்கும். மழை நனைந்த பனிச்சங்கேணிப் பாலத்தில், பின்னால் ஐம்பது கிலோ மீன் பெட்டியோடு, அப்படியான டயரில் பிரேக் பிடிப்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டியூபையும் சேர்த்து மாற்றுங்கள். உட்புற இறப்பர் நாடாவையும் கேட்டு வாங்குங்கள். ஸ்போக்கின் துரு டியூபைக் குத்தாமல் அதுதான் தடுக்கிறது.

அடுத்தது பிரேக். பழைய டிரம் பிரேக்கில் சப்பாத்து தேயாமல் புதிதாகவே தெரியும். ஆனால் ஈரத்தில் வருடக்கணக்கில் நின்றால், ஒட்டியிருக்கும் லைனிங் இரும்பிலிருந்து கழன்று விடுவதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அது கழன்று சுருண்டால் சில்லு அப்படியே இறுகிவிடும். எனவே இரண்டு சில்லையும் கழற்றி, லைனிங்கை விரல் நகத்தால் தூக்கிப் பார்த்து, டிரம்முக்குள் உள்ள துருவைத் தேய்த்து, பிரேக் திருப்பும் கம்பிக்கு மிகக் கொஞ்சமாகக் கிறீஸ் இட்டுப் பூட்ட வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் அதன் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அதை எட்டு வருடமாக எவரும் தொட்டிருக்க மாட்டார்கள். நடுத் தாங்கியில் நிறுத்தி முன்சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகச் சுற்றினால் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

உப்பும் மணலும் வெள்ளமும்

கண்டியிலோ பண்டாரவளையிலோ ஐந்து வருடம் நின்ற பைக்கும், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக உள்ள வாகரையில் ஐந்து வருடம் நின்ற பைக்கும் ஒன்றல்ல. உப்புக் காற்று முதலில் ஸ்போக், ரிம், சைலன்சரின் அடிப்பாகம், மின்சார வயர்களின் முனைகள் ஆகியவற்றைத் தின்னும். வயர் முனைகளைக் கழற்றி, பச்சை படிந்திருந்தால் சுரண்டி, கொஞ்சம் வஸ்லின் பூசிப் பொருத்தினால் "லைட் சில நேரம் பத்துது, சில நேரம் பத்துதில்ல" என்ற தொல்லை பெரும்பாலும் தீரும்.

கடற்காற்றைவிட மோசமானது மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர். அது பின் ஷொக் அப்சோபர், செயின், பின்சில்லின் அச்சு, இலக்கத் தகட்டின் பின்னால் உள்ள தகரம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு நாளும் சொட்டுகிறது. பெட்டியின் அடியில் ஒரு துவாரமிட்டு, குழாய் பொருத்தி, தண்ணீர் சில்லுக்கும் செயினுக்கும் வெளியே தரையில் விழும்படி செய்துவிடுங்கள். எந்தத் தகர வேலைக்காரரும் செய்து தருவார். தினமும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீரே உவர். அதனால் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகிவிடும். சேவிஸ் செய்யும் இடத்தில் அழுத்தமாகத் தண்ணீர் பீச்சும்போது சில்லின் நடுவிலும் ஹேண்டிலின் கழுத்திலும் நேராகப் பிடிக்க வேண்டாமென்று சொல்லுங்கள். உள்ளே இருக்கும் கிறீஸ் ஏற்கெனவே காய்ந்து போனது. தண்ணீரும் புகுந்தால் பெயரிங் முடிந்தது.

செயினுக்குக் கெட்டியான கிறீஸ் அள்ளிப் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு. வாகரையின் உள்வீதிகளின் மணல் அதில் ஒட்டிக்கொண்டு அரம் போல அராவும். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, இலேசான ஒயில் விட்டு, மிகுதியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். செயினில் மடங்காமல் விறைத்த கண்ணிகள் இருந்தால், முன்பின் பற்சக்கரங்களோடு சேர்த்து மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம். மணல் பாதையில் ஓடும் பைக்குக்கு எயார் பில்டரை ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் திறந்து பார்ப்பது அவசியம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழையில் வீதிகளில் வெள்ளம் நிற்பது நமக்குப் புதிதல்ல. வெள்ளத்தில் பைக் நின்றுவிட்டால் அங்கேயே கிக் அடித்து ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே போயிருந்தால் வளைவது என்ஜினின் கம்பிதான். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், பிளக்கைக் கழற்றி, தண்ணீர் வெளியேறும்வரை மிதியுங்கள். ஒயில் பால்தேநீர் நிறமாகத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

பேரம் பேசும்போதே

மேலே சொன்ன முதல் மாதச் செலவை வாங்கிய பின்னர் கண்டுபிடித்துக் கவலைப்படுவதில் பயனில்லை. டயர் சோடி, டியூப், பற்றரி, பிரேக் சப்பாத்து, செயின் செட், இரண்டு தடவை ஒயில், கார்புரேட்டர் கூலி ஆகியவற்றை வாங்கும் முன்பே கடையில் விசாரித்து எழுதி, பைக்கின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு, நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஓடிய பைக் ஒன்று கிடைக்குமானால் அதையே வாங்கலாம். உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். ஒரு கேபிளுக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டிய மொடல், எவ்வளவு அழகாக இருந்தாலும், தொழிலுக்கு உதவாது.

மீற்றர் உண்மையா என்பதற்கு மீற்றரே சாட்சியல்ல. பிரேக் மிதியின் இறப்பர், கால்வைக்கும் தட்டு, கைப்பிடி, சாவியின் தேய்மானம் ஆகியவை வேறு கதை சொன்னால் அதையே நம்புங்கள். பதிவுச் சான்றிதழில் லீசிங் கம்பனியின் பெயர் முழுமையான உரிமையாளராக இன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது என்பதையும் கேளுங்கள். நின்ற பைக்குகளில் இந்த நிலுவை சேர்ந்திருப்பது வழக்கம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நாம் மிம்பரில் பலமுறை கேட்டது. துருப்பிடித்த தாங்கியும், பன்னிரண்டு வருட டயரும் அந்த ஈரத்தைப் போன்றவையே. மறைத்து விற்ற குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு மார்க்கத்தில் இருக்கிறது. பைக்கை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர்கள், கைவசம் உள்ள பைக்குகளின் சந்தைப் பெறுமதியை வருட முடிவில் ஸகாத் கணக்கில் வியாபாரப் பொருளாகச் சேர்க்க வேண்டும். மீன் கொண்டுவர ஓட்டும் பைக்கின் பெறுமதி அந்தக் கணக்கில் வராது; அது தொழிற்கருவி.

வாங்கிய நாளிலிருந்து பெட்டிக்குள் ஒரு சிறிய கொப்பி வைத்துக் கொள்ளுங்கள். பெற்றோல் அடித்த திகதி, மீற்றர், லீற்றர். ஒயில் மாற்றிய மீற்றர். கராஜுக்குக் கொடுத்த பணம். மாதம் 1,750 கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஒயில் மாற்றம் ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டேயிருக்கும். "எப்ப மாத்தினது?" என்று நினைவை நம்பினால் அது மூன்று மாதமாகிவிடும். லீற்றருக்கு ஓடும் தூரம் திடீரென்று குறைவதும் கொப்பியில்தான் முதலில் தெரியும். கிளச் கேபிள், பிளக், டியூப், பியூஸ் ஆகியவற்றில் ஒவ்வொன்றை ஆசனத்துக்கு அடியில் வைத்திருந்தால், காயங்கேணியில் நின்றாலும் அரை மணித்தியாலத்தில் கிளம்பிவிடலாம்.

உம்றாவுக்குப் போகும்போதோ, மழைக்காலத்தில் தொழிலை நிறுத்தும்போதோ பைக்கை மீண்டும் இரண்டு மாதம் நிறுத்தி வைக்க நேர்ந்தால், தாங்கியை நிரப்பி, பெற்றோல் டெப்பை மூடி, கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறிய ஆணியைத் தளர்த்தி அதிலிருக்கும் பெற்றோலை வெளியே விட்டு, பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுத் தாங்கியில் சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். சாக்கால் மூடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்திச் சாரம் ஒன்று போதும்.